ஓட்டு வாங்க வீடு தேடி வர முடியுது... புண்ணுக்குக் கட்டுப் போட வர முடியாதா?



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போ நேரம் இல்லைன்னா சேவ் பண்ணி வச்சு ராத்திரி படிங்க. ஒரு மீம் போட்டு, ரெண்டு மணி நேரம் ட்ரெண்ட் பண்ணிட்டுக் கடந்து போற விஷயம் இல்லை இது.

2024 ஏப்ரல். மக்களவைத் தேர்தலுக்குச் சில நாள் முன்னாடி சிவகங்கை மாவட்டத்துல எங்க கிராமத்து வீட்டு வாசல்ல ஒரு வண்டி வந்து நின்னுச்சு. தேர்தல் அலுவலர்கள், பாதுகாப்புக்குப் போலீஸ்காரர், வீடியோ எடுக்க ஒருத்தர். 85 வயசு தாண்டினவங்க வீட்டுல இருந்தே தபால் ஓட்டுப் போடலாம்னு தேர்தல் ஆணையம் ஏற்பாடு பண்ணியிருந்தது. படிவம் 12டி முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தோம். எங்க அப்பத்தாவுக்கு அப்போ வயசு 87. இடுப்பு எலும்பு முறிஞ்சு எட்டு மாசமா படுத்த படுக்கை. கட்டிலைச் சுத்தி மறைப்பு வச்சு, சீட்டைக் கையில கொடுத்து, கவரை ஒட்டி, பெட்டியில போட்டு, எல்லாமே விதிப்படி நடந்துச்சு. நம்ம கட்சி முகவரா நான் ஓரமா நின்னுட்டு இருந்தேன்.

அப்பத்தாவுக்கு ஒரே ஆச்சரியம். "ஏப்பா, எனக்கு ஒருத்திக்காகவா இம்புட்டுப் பேரு வந்திருக்காக?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்லயும் போட்டேன்.

வண்டி கிளம்பினதும் அம்மா மெதுவா சொன்னாங்க: "வந்தவுகள்ல யாராச்சும் ஒருத்தர் இவுகளைத் திருப்பிப் படுக்க வைக்க ஒரு கை குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்டா."

அப்பத்தாவோட முதுகுல படுக்கைப் புண். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்கணும். அதை ராத்திரி பகலா அம்மா தனி ஆளா செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நான் சென்னையில கம்பெனி வேலை, சாயங்காலம் ஐடி அணி வேலை. அப்பா திருப்பூர்ல. மாசம் பொறந்தா ஜிபே-ல பணம் அனுப்பிட்டு என் கடமை முடிஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவன் நான். அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவு.

அதிகாரிங்க மேல குறை இல்லை. அவங்க வந்தது ஓட்டுக்கு, அதை ஒழுங்கா செஞ்சாங்க. என் கேள்வி வேற. ஒரு ஓட்டுக்காக ஒரு குழுவே படுக்கை வரைக்கும் வர முடியும்னா, அரசு நினைச்சா எந்தக் கடைக்கோடி வீட்டுக்கும் வர முடியும்னுதானே அர்த்தம்? அப்போ முதியோர் பராமரிப்புக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது?

*எங்க வீட்டுக் கணக்கு*

இன்ஜினியரிங் படிச்சவன் கையில எதைக் கொடுத்தாலும் எக்செல் ஷீட் போடுவான். நானும் போட்டேன். அப்பத்தாவுக்கு ஒரு மாசம் ஆன செலவு இது:

• டயாப்பர், நாளைக்கு மூணு, ஒண்ணு 40 ரூபாய் வீதம்: 3,600
• புண்ணுக்கு மருந்து, பஞ்சு, கட்டுத்துணி: 1,500
• வாரம் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து கட்டு மாத்துற நர்ஸுக்கு, தடவைக்கு 500 வீதம்: 4,000
• அம்மா தையல் மெஷினை மூடி வச்சதால நின்னுபோன வருமானம்: 6,000

மொத்தம் 15,100 ரூபாய். டாக்டர், ஆஸ்பத்திரி, வாட்டர் பெட் எதுவும் இதுல சேராது.

அப்பத்தாவுக்கு வந்த முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். அதாவது பத்து நாளைக்கு டயாப்பர். மீதி இருபது நாளைக்கு வீடுதான் பார்த்துக்கணும்.

அந்த ஷீட்டுல நான் போடாத ஒரு வரி இருக்கு. அம்மாவோட உழைப்பு. ஒரு நாளைக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு ஏழு நாள், லீவு கிடையாது, சம்பளம் கிடையாது. நம்ம நாட்டுல முதியோர் பராமரிப்புக்குப் பெரும் நிதி கொடுக்கிறது அரசு இல்லைங்க. வீட்டுல இருக்கிற பொண்ணுங்கதான். மகள், மருமகள், சில வீட்டுல பேத்தி. அவங்க விட்ட வேலை, அவங்க தொலைச்ச தூக்கம், அவங்க வாங்கின முதுகு வலி. இதுதான் இன்னைக்கு நம்ம முதியோர் நலத் திட்டம். எந்த பட்ஜெட்லயும் இதுக்கு ஒரு தலைப்பு கிடையாது.

*அந்த 200 ரூபாய்*

தமிழ்நாட்டுல முதியோர் உதவித்தொகை 1962-லேயே தொடங்கியாச்சு. அன்னைக்கு மாசம் 20 ரூபாய். மத்திய அரசு இந்த விஷயத்துக்கு வந்ததே 1995-ல, 75 ரூபாயோட. இந்த மாநிலத்துல எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்தத் திட்டத்தை நிறுத்தலை. 2011-ல 1,000 ஆச்சு, 2023 ஆகஸ்ட்ல 1,200 ஆச்சு. யார் ஆட்சியில உயர்ந்ததுன்னு கமெண்ட்ல சண்டை போட வேண்டாம். உயர்த்தின எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு மேல போவோம்.

இதுல மத்திய அரசோட பங்கு எவ்வளவு தெரியுமா? 60-ல இருந்து 79 வயசு வரைக்கும் மாசம் 200 ரூபாய். அந்தத் தொகை 2006-ல நிர்ணயிச்சது. 2011-ல 80 வயசு தாண்டினவங்களுக்கு மட்டும் 500 ஆக்கினாங்க. மத்தவங்களுக்கு அதே 200. நாடாளுமன்ற ஊரக வளர்ச்சி நிலைக்குழு இதை உயர்த்தச் சொல்லிப் பல தடவை பரிந்துரை பண்ணியும் அசையலை. 2006-ல ஆரம்பிச்சது காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி, 2014-க்கு அப்புறம் பாஜக ஆட்சி. ரெண்டு பேருக்குமே இந்த 200 உறுத்தலை.

இன்னொரு பக்கம், ரயில்ல 60 வயசு ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயசு பெண்களுக்கு 50 சதவீதம் இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்ல கொரோனாவைக் காட்டி நிறுத்தினாங்க. கொரோனா போயிடுச்சு, சலுகை திரும்பலை.

பக்கத்துல ஆந்திராவைப் பாருங்க. 2024 ஜூலையில இருந்து முதியோர் ஓய்வூதியம் மாசம் 4,000 ரூபாய், அதுவும் வீட்டு வாசல்ல கொண்டு வந்து கொடுக்கிறாங்க. அவங்க நிதிநிலை நம்மளவிடப் பெரிசு இல்லை. முன்னுரிமை கொடுத்தாங்க, செஞ்சாங்க.

*பணம் மட்டும் போதாது, கை வேணும்*

இந்த இடத்துல நம்ம தோழர்கள் பலர் என்கிட்ட சண்டைக்கு வருவாங்கன்னு தெரியும். உதவித்தொகையை உயர்த்தணும், அதுல மாற்றுக் கருத்து இல்லை. ஆனா 4,000 கிடைச்சிருந்தாலும் எங்க அம்மா பிரச்சினை தீர்ந்திருக்காது.

ஏன்னா அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்க ஊர்ல ஆள் இல்லை. ஒரு தடவை பக்கத்து டவுன்ல ஒரு ஏஜென்சி மூலமா ஒரு பொண்ணை வச்சோம். மாசம் 20,000 கேட்டாங்க. வந்த பொண்ணுக்கு வயசு 19 இருக்கும். படுக்கைப் புண்ணைப் பார்த்ததும் பயந்து அழுதுட்டா. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கலை. நாலாம் நாள் கிளம்பிட்டா. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். தூக்குறது எப்படி, திருப்புறது எப்படி, குழாய் வழியா கஞ்சி ஊத்துறது எப்படின்னு கத்துக்கொடுக்காம ஒரு சின்னப் பொண்ணை அனுப்பினவங்களையும், அதைக் கேக்க ஒரு சட்டம் இல்லாததையும்தான் குறை சொல்வேன்.

2019 டிசம்பர்ல மூத்த குடிமக்கள் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா மக்களவையில வந்தது. முதியோர் இல்லங்களுக்கும் வீட்டுப் பராமரிப்பு தர்ற நிறுவனங்களுக்கும் பதிவு, குறைந்தபட்சத் தரம் எல்லாம் அதுல இருந்தது. நிலைக்குழுவுக்குப் போச்சு. கடைசியில அந்த மக்களவையே கலைஞ்சு, மசோதாவும் காலாவதி ஆச்சு.

*"பெத்தவங்களைப் பார்க்கிறது பிள்ளைங்க கடமைதானே?"*

இந்தக் கமெண்ட் கட்டாயம் வரும். அதனால இப்பவே பேசிடுவோம்.

கடமைதான். சட்டமே இருக்கு. 2007-ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பார்த்துக்காத பிள்ளைங்க மேல தீர்ப்பாயத்துல மனு கொடுக்கலாம், மாசம் 10,000 வரைக்கும் ஜீவனாம்சம் கேக்கலாம். கைவிட்டா மூணு மாசம் வரை ஜெயில். நல்ல சட்டம், தேவையான சட்டம்.

ஆனா அந்தச் சட்டம் ஒரு குற்றவாளியைத் தேடுது. எங்க வீட்டுல குற்றவாளி யாரு? திருப்பூர்ல நின்னுக்கிட்டே வேலை பார்த்து மாசாமாசம் பணம் அனுப்பின அப்பாவா? தையலை விட்டுட்டு மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளின அம்மாவா? யாரும் யாரையும் கைவிடலை. அப்படியும் புண் ஆறலை, அம்மாவுக்கு இடுப்புப் பட்டை போட்டாதான் இன்னைக்கும் நடக்க முடியும். பெரும்பாலான வீட்டுக் கதை இதுதான். பாசத்துக்குக் குறைச்சல் இல்லை. தெம்புக்கும் ஆளுக்கும்தான் குறைச்சல்.

அதே சட்டத்துல 19-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. மாவட்டத்துக்கு ஒண்ணாவது, 150 பேர் தங்குற மாதிரி, ஆதரவில்லாத முதியவர்களுக்கு இல்லம் அமைக்கலாம்னு மாநில அரசுகளுக்குச் சொல்லுது. 'அமைக்கலாம்', அவ்வளவுதான். அதுக்கு யார் பணம் கொடுக்கிறதுன்னு ஒரு வரி இல்லை. பிள்ளைக்கு 'கட்டாயம்', அரசுக்கு 'செய்யலாம்'. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

*நம்ம மாநிலம் எவ்வளவு வேகமா வயசாகுது?*

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 60 வயசு தாண்டினவங்க சுமார் 75 லட்சம் பேர், மக்கள்தொகையில 10.4 சதவீதம். மத்திய அரசோட தொழில்நுட்பக் குழு போட்ட மதிப்பீட்டுப்படி 2021-ல 13.6 சதவீதம், 2031-ல 18.2 சதவீதம். கேரளாவுக்கு அடுத்தபடி நாமதான். இந்தியா மொத்தத்துக்கு 2031-ல 13.1 சதவீதம்தான் வரும்.

காரணம் நமக்குத் தெரியும். குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி செஞ்ச மாநிலம் இது. ஒரு பெண்ணுக்குச் சராசரியா 1.8 குழந்தைன்னு தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்லுது. எங்க அப்பத்தாவுக்கு அஞ்சு பிள்ளைங்க. எங்க அம்மாவுக்கு நான் ஒருத்தன். அப்பத்தாவைப் பார்க்க ஒரு மருமகளாவது வீட்டுல இருந்தாங்க. அம்மாவை யாரு பார்ப்பா? இதை எழுதும்போது எனக்கு வயித்தைக் கலக்குது. உங்கள்ல ஒத்தப் பிள்ளையா இருக்கிற எல்லாருக்கும் இது புரியும்.

இன்னொரு கொடுமை. மத்திய வரியில நம்ம பங்கு 13-வது நிதிக்குழுவுல 4.969 சதவீதம். 15-வது நிதிக்குழுவுல 4.079 சதவீதம். மக்கள்தொகையைக் குறைச்சதுக்கும் நாமதான் விலை கொடுக்கிறோம், குறைச்சதால வர்ற முதுமைச் செலவையும் நாமதான் சுமக்கப் போறோம்.

*இருக்கிறதை மறைக்க வேண்டாம்*

தமிழ்நாடு சும்மா இருக்கலை. நாட்டுலயே முன்னோடியா முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு 1978-ல சென்னை அரசுப் பொது மருத்துவமனையில தொடங்கினது, டாக்டர் வி.எஸ்.நடராஜன் முயற்சியால. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம், சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போச்சு. 2024 பிப்ரவரியில கிண்டியில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தாச்சு. 2025-ல 70 வயசு தாண்டினவங்களுக்கு ரேஷன் வீட்டுக்கே போக ஆரம்பிச்சது. பகல் நேரத்துல முதியோர் வந்து இருக்க 25 அன்புச்சோலை மையங்கள் அறிவிச்சாங்க. மத்திய அரசும் 2024 அக்டோபர்ல இருந்து 70 வயசு தாண்டின எல்லாருக்கும் 5 லட்சம் மருத்துவக் காப்பீடு கொடுத்தது. நல்லதை நல்லதுன்னு சொல்வோம்.

ஆனா இதையெல்லாம் வரிசையா வச்சுப் பாருங்க. ஆஸ்பத்திரியில படுத்தா காப்பீடு இருக்கு. நடந்து வர முடிஞ்சா மையம் இருக்கு. மாத்திரை வேணும்னா வீட்டுக்கு வருது. ஆபரேஷன் முடிஞ்சு, "இனிமே வீட்டுல வச்சுப் பார்த்துக்கோங்க"ன்னு டாக்டர் சொல்லி அனுப்புறாரே, அதுக்கு அப்புறம் என்ன இருக்கு? ஒண்ணும் இல்லை. இடுப்பு உடைஞ்ச அப்பத்தாவோட ஆபரேஷன் மூணு மணி நேரத்துல முடிஞ்சது. அதுக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல அவங்க வாழ்ந்தாங்க. மூணு மணி நேரத்துக்குக் காப்பீடு உண்டு. ஒரு வருஷத்துக்கு எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வந்து வலி நிவாரணச் சிகிச்சை கொடுக்கிற செவிலியர், பிசியோதெரபிஸ்ட் எல்லாம் ஒன்றிய அளவுலதான் இருக்காங்க. ஒரு ஒன்றியத்துல சராசரியா 30 ஊராட்சிக்கு மேல. ஒரு செவிலியர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? மனசு இருந்தாலும் மணி நேரம் பத்தாது.

கேரளா இந்த இடத்தைத்தான் பிடிச்சது. கோழிக்கோடு பக்கம் ஊர்க்காரங்களே சேர்ந்து நடத்தின வலி நிவாரண இயக்கத்தைப் பார்த்து, 2008-ல அதுக்குன்னு மாநிலக் கொள்கை கொண்டு வந்தாங்க. அங்க ஊராட்சியே தன் நிதியில இருந்து செவிலியரை வச்சு, படுக்கையில இருக்கிறவங்க வீட்டுக்கு அனுப்புது. அமைச்சர் மாறினாலும் திட்டம் நிக்கலை, ஏன்னா அது ஊராட்சியோட வேலைன்னு ஆயிடுச்சு.

*சரி, என்ன செய்யணும்? எவ்வளவு ஆகும்?*

குறை மட்டும் சொல்லிட்டுப் போற ஆள் நாம இல்லை. என்னோட கணக்கை வைக்கிறேன். தப்பு இருந்தா திருத்துங்க.

தமிழ்நாட்டுல சுமார் 12,500 கிராம ஊராட்சிகள். ஊராட்சிக்கு ரெண்டு பராமரிப்பாளர். உள்ளூர் ஆளுங்க, ஆறு மாசம் அரசு மருத்துவமனையில பயிற்சி, சான்றிதழ், மாசம் 15,000 சம்பளம்.

• 25,000 பேர் × 15,000 × 12 மாதம் = வருஷத்துக்கு 450 கோடி
• அஞ்சு ஊராட்சிக்கு ஒரு செவிலியர், 2,500 பேர் × 25,000 × 12 = 75 கோடி
• நகரங்களுக்கும் இதே அளவு = 525 கோடி
• பயிற்சி, டயாப்பர், வாட்டர் பெட், மருந்து = 450 கோடி

மொத்தம் 1,500 கோடி. தமிழ்நாடு பட்ஜெட் 4 லட்சம் கோடியைத் தாண்டிடுச்சு. அதுல இது 100 ரூபாய்க்கு 40 பைசாகூட இல்லை.

ஒரு ஊராட்சியில படுக்கையில இருக்கிறவங்க 20 பேர்னு வச்சுக்குவோம். ஒரு பராமரிப்பாளருக்குப் பத்து வீடு. ஒருநாள் விட்டு ஒருநாள் போனா நாளைக்கு அஞ்சு வீடு, வீட்டுக்கு ஒரு மணி நேரம். குளிப்பாட்ட, கட்டு மாத்த, திருப்பிப் படுக்க வைக்க, வீட்டுல உள்ளவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க அது போதும். எங்க அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைச்சிருந்தா புண்ணு அவ்வளவு ஆழமா போயிருக்காது. அம்மா இடுப்பும் தப்பிச்சிருக்கும்.

ஒரு விஷயத்துல நாம உறுதியா இருக்கணும். இவங்களுக்குத் 'தன்னார்வலர்'னு பேர் வச்சு, சம்பளத்துக்குப் பதிலா 'ஊக்கத்தொகை' கொடுத்து ஏமாத்தக் கூடாது. அது இன்னொரு தடவை பொண்ணுங்க உழைப்பை மலிவா எடுக்கிற வேலை. முறையான சம்பளம், பி.எஃப்., வார விடுமுறை. 25,000 கிராமத்து இளைஞர்களுக்குச் சொந்த ஊர்லயே வேலைன்னும் இதைப் பார்க்கலாம்.

*பணம் எங்க இருந்து?*

ஒண்ணு: மத்திய அரசு அந்த 200-ஐ விலைவாசியோட சேர்த்து உயர்த்தணும். நம்ம எம்.பி.க்கள் ஒவ்வொரு கூட்டத்தொடர்லயும் இதைக் கேக்கணும்.

ரெண்டு: நிதிக்குழு பங்கீட்டுல முதியோர் விகிதம் ஒரு அளவுகோலா வரணும். சீக்கிரம் முதுமை அடையுற மாநிலத்துக்குச் செலவு அதிகம். இதைவிட நேரடியான காரணம் எதுவும் இல்லை.

மூணு: மாநில பட்ஜெட்ல 'முதியோர் பராமரிப்பு'ன்னு தனித் தலைப்பு. சுகாதாரத்துல கொஞ்சம், சமூக நலத்துல கொஞ்சம், வருவாய்த் துறையில கொஞ்சம்னு சிதறிக் கிடந்தா யாரையும் கேள்வி கேக்க முடியாது. அந்தத் தலைப்புல ஒரு பங்கு நேரா ஊராட்சிக்குப் போகணும்.

நாலு: நீண்ட காலத்துக்கு ஒரு பராமரிப்புக் காப்பீடு. ஜெர்மனி 1995-ல தொடங்கினது. ஜப்பான் 2000-ல தொடங்கினது. ஜப்பான்ல 40 வயசு தாண்டின எல்லாரும் சந்தா கட்டுறாங்க. செலவுல பாதி அந்தச் சந்தா, பாதி வரிப்பணம். சேவை வாங்குறவங்க வசதிக்குத் தக்கபடி 10-ல இருந்து 30 சதவீதம் வரை கொடுக்கிறாங்க. நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க கூலி வேலை, சம்பளத்துல பிடிக்க வழியில்லை. அதனால அப்படியே காப்பியடிக்க முடியாது. வரிப்பணத்துல தொடங்கி, வசதி உள்ளவங்ககிட்ட கட்டணம் வாங்கி, படிப்படியா போகலாம். கட்டட வேலைக்கு ஒரு சதவீத நல நிதி வசூலிச்சு, அதை அந்தத் தொழிலாளர்களுக்கே செலவழிக்கிற வாரியம் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு. ஒரு நோக்கத்துக்குன்னு தனி நிதி வைக்கிறது நமக்குப் புதுசு இல்லை.

"இன்னொரு இலவசமா?"ன்னு சிலர் கேப்பாங்க. ரோடு இலவசமா? பள்ளிக்கூடம் இலவசமா? சத்துணவு போட்டப்போவும் இதையேதான் கேட்டாங்க. இன்னைக்கு நாடே அதைச் செய்யுது. குழந்தைக்கு அங்கன்வாடி வேணும்னு ஏத்துக்கிட்ட சமூகம், வாழ்க்கையோட மறுமுனையில நிக்கிறவங்களுக்கும் அதே மாதிரி ஒரு கை வேணும்னு ஏத்துக்க எவ்வளவு நாளாகும்?

*நம்ம கட்சிக்கும் ஒரு வார்த்தை*

உள்ளே இருந்து சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாமும் முதியோர்னா உதவித்தொகை எவ்வளவு உயர்த்துவோம்னுதான் பேசுறோம். ஏன்னா தொகையை போஸ்டர்ல போடலாம், திருப்பிப் படுக்க வைக்கிறதைப் போஸ்டர்ல போட முடியாது. பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்துல பிரியாணி போட்டு போட்டோ எடுக்கிறோம். தப்பு இல்லை. ஆனா அடுத்த நாள் அங்க யார் போனா? மேல இருக்கிற கணக்கைத் தேர்தல் அறிக்கைக் குழுவுக்கும் அனுப்பியிருக்கேன். அடுத்த அறிக்கையில ஒரு பத்தியாவது வரணும்.

*நாம இப்பவே செய்யக் கூடியது*

1. உங்க பூத்துல படுக்கையில இருக்கிற முதியவர்கள் எத்தனை பேர்னு எண்ணுங்க. ஓட்டர் லிஸ்ட் கையில வச்சுக்கிட்டு வீடு வீடா போற நமக்கு இது ரெண்டு நாள் வேலை. பேரைப் பொதுவுல போடாதீங்க, எண்ணிக்கை மட்டும் போதும்.

2. ஆதரவில்லாம யாராவது இருந்தா, கொடுமைக்கு ஆளானா, 14567 முதியோர் உதவி எண்ணுக்கு நீங்களே போன் பண்ணிக் கொடுங்க. பலருக்கு இப்படி ஒரு நம்பர் இருக்கிறதே தெரியாது.

3. அக்டோபர் 1 உலக முதியோர் தினம். அதுக்கு மறுநாள் அக்டோபர் 2, கிராமசபை. முதல் நாள் வாழ்த்து ஸ்டேட்டஸ் போடுற நாம, மறுநாள் கிராமசபைக்குப் போய் உட்காருவோம். "எங்க ஊராட்சியில படுக்கையில இருக்கிற முதியவர்கள் இத்தனை பேர். இவங்களுக்கு வீட்டுக்கே வர்ற பராமரிப்பாளர் வேணும்"னு தீர்மானம் போட வைப்போம். ஆயிரக்கணக்கான ஊராட்சியில இருந்து ஒரே நாள்ல ஒரே தீர்மானம் வந்தா, எந்த அரசா இருந்தாலும் படிச்சுத்தான் ஆகணும்.

அப்பத்தா அதே வருஷம் ஐப்பசியில போயிட்டாங்க. அவங்க போட்ட கடைசி ஓட்டு அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டே போட்டதுதான். யாருக்குப் போட்டாங்கன்னு கடைசி வரைக்கும் என்கிட்ட சொல்லலை. "அதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு அந்த ஆபீசர் சொன்னாருல்ல"ன்னு சிரிச்சாங்க.

அந்த ஓட்டு யாருக்கு விழுந்திருந்தாலும், அதுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடன் அரசியல்ல இருக்கிற எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கட்டில் இருந்தா, உங்க மாசக் கணக்கைக் கமெண்ட்ல எழுதுங்க. எல்லாத்தையும் தொகுத்துத் தலைமைக்குக் கொடுக்கிறது என் பொறுப்பு.

பிடிச்சிருந்தா பகிருங்க. முக்கியமா, வீட்டுல முதியவரைப் பார்த்துக்கிற அந்த ஒருத்தருக்கு இன்னைக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்துட்டுப் பகிருங்க.

– தகவல் தொழில்நுட்ப அணித் தொண்டன், சிவகங்கை மாவட்டம்

#வீடுதேடி_முதியோர்பராமரிப்பு
#இருநூறு_ரூபாய்_போதுமா
#அக்டோபர்2_கிராமசபை